எடுத்தவன் கடன்

திருவனந்தபுரம் கனகக்குன்று அரண்மனை வளாகத்தில் நடைபெறும் மலர்க் கண்காட்சிகளில் போன்சாய் மரங்களுக்கும் ஓர் இடம் உண்டு. ஒரு முழ உயரம்கூட இல்லாத ஆலமரம் விழுதுகள் ஊன்றி, ஆழமற்ற தட்டொன்றில் நூற்றாண்டு கண்ட மரத்தின் தோற்றத்துடன் நிற்கும். அதன் முன்னே நிற்பவர்களிடம் இருவகைப் பேச்சைக் கேட்கலாம். "எவ்வளவு அழகு! எத்தனை வருடப் பொறுமை!" என்று ஒருவர் வியப்பார். அருகில் நிற்பவரோ, "பாவம், வானளாவ வளர வேண்டிய மரத்தைக் கட்டி வைத்துவிட்டார்களே" என்று பெருமூச்சு விடுவார்.

இரண்டாமவரின் கருத்தே இன்று தமிழ்ப் பேச்சில் வேரூன்றிவிட்டது. பிள்ளைகளை அளவுக்கு மீறி அடக்கி வளர்க்கும் பெற்றோரைப் பார்த்து, "குழந்தையைப் போன்சாய் ஆக்காதீர்கள்" என்று மேடைகளில் அறிவுரை கூறப்படுகிறது. முதலாமவரின் பக்கம் நிற்பவர்களோ போன்சாயில் தவத்தையும் புலனடக்கத்தையும் காண்கிறார்கள். ஒரே மரம் ஒருவருக்குச் சிறைக்கைதியாகவும் மற்றொருவருக்குத் தவசியாகவும் தோன்றுகிறது.

எது உண்மை? இது தோட்டக்கலை ஆர்வலர்கள் மட்டும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. தனக்காகப் பேச இயலாத ஓர் உயிரை, அது நிற்கும் இடத்திலிருந்து எடுத்து, தன் விருப்பப்படி வளைக்க மனிதனுக்கு உரிமை உண்டா? குழந்தையை வளர்க்கும் பெற்றோர், மாணவனைப் பழக்கும் ஆசிரியர், முதுமையடைந்த தாயைத் தம் வீட்டுக்கு அழைத்து வரும் பிள்ளைகள் ஆகிய அனைவரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்வி இது.

சதுப்பில் பிறந்த மரம்

போன்சாய் என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நடப்பட்டது என்று பொருள். ஜப்பானுக்கு இக்கலை சீனத்திலிருந்து வந்தது. கி.பி. 706-இல் எழுப்பப்பட்ட சீன இளவரசர் ஒருவரின் கல்லறைச் சுவரோவியத்திலேயே தட்டில் வைத்த சிறு செடியை ஏந்தி நிற்கும் பணியாளரைக் காணலாம். விதையிலிருந்தும் தண்டிலிருந்தும் போன்சாய் வளர்ப்பதுண்டு. ஆனால் இயற்கையில் ஏற்கெனவே முதிர்ந்த மரத்தை வேரோடு எடுத்து வந்து தொட்டியில் பழக்குவதே இக்கலையில் தனிச் சிறப்பாகக் கருதப்படுகிறது. நமது கேள்வி கூர்மை பெறுவதும் அங்கேதான்.

இவ்வாறு எடுத்து வளர்க்கப்படும் மரங்களில் உலகெங்கும் பேசப்படுவது அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிச் சதுப்பு நிலங்களில் வளரும் ஒருவகைச் சைப்ரஸ் ஆகும். ஊசியிலை இனத்தைச் சேர்ந்ததாயினும் குளிர்காலத்தில் இலைகளை முற்றிலும் உதிர்த்துவிட்டு நிற்பதால், 'மொட்டைச் சைப்ரஸ்' என்றே அதற்குப் பெயர். தண்ணீரில் நிற்கும் அடிமரம் பருத்து அகன்றிருக்கும். அதைச் சுற்றிலும் மடக்கிய முழங்கால்களைப் போன்ற வேர்முடிச்சுகள் சேற்றிலிருந்து மேலெழுந்து நிற்கும். இதன் ஆயுளோ வியப்பூட்டுவது. வடக்குக் கரோலினாவின் பிளாக் ஆற்றங்கரையில் நிற்கும் ஒரு சைப்ரஸ் குறைந்தது 2,624 ஆண்டுகள் பழமையானது என்பதை, மரத்தை வெட்டாமலே அதன் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து 2019-இல் அறிஞர்கள் வெளியிட்டனர். கௌதம புத்தருக்கும் முன்னே முளைத்த மரம் இன்றும் இலை துளிர்த்துக்கொண்டிருக்கிறது.

இம்மரத்தின் இளைய வடிவமொன்றைப் போன்சாய் ஆக்க விரும்புபவர், குளிர்காலத்தின் இறுதியில், மரம் உறக்கத்தில் இருக்கும்போது சதுப்பில் இறங்குகிறார். நெஞ்சளவோ இடுப்பளவோ உயரம் விட்டு மேல்தண்டை அறுத்துவிடுகிறார். பக்கக் கிளைகள் அனைத்தையும் நீக்குகிறார். அடிமரத்தைச் சுற்றி வேர்களை அறுத்து, கீழ்ப்புறத்தைத் தட்டையாக்கித் தூக்குகிறார். எஞ்சுவது இலையும் கிளையும் இல்லாத ஒரு கட்டை. அதை அகன்ற தொட்டியில் நட்டு, ஈரம் குறையாமல் வைத்தால், வசந்தம் பிறந்த சில வாரங்களில் அந்தக் கட்டையின் உடலெங்கும் பச்சை மொட்டுகள் வெடித்துக் கிளம்புகின்றன.

இக்காட்சியைக் கண்டு மகிழ்வது இயல்பே. ஆனால் அந்த மொட்டுகளைக் கொண்டு, வெட்டியவன் செய்தது நியாயம் என்று மரம் ஒப்புக்கொண்டதாக எண்ணிவிடலாகாது. மரம் பிழைத்திருக்கிறது; அவ்வளவே. செய்த செயல் நியாயமா என்பது இனிமேல்தான் தீர்மானமாக வேண்டும்.

கைதியா, தவசியா?

முதலில், போன்சாய் பட்டினி போட்டு வளர்க்கப்படுகிறது என்ற எண்ணம் தவறானது. சிறிதளவு மண்ணிலேயே வாழ வேண்டியிருப்பதால், நிலத்து மரத்தைவிட அதிகக் கவனத்துடன் அதற்கு நீரும் உரமும் அளிக்கப்படுகின்றன. வேரும் கிளையும் அவ்வப்போது கத்தரிக்கப்படுவதாலேயே அது சிறிதாக நிற்கிறது. அதன் விதையில் எந்த மாற்றமும் இல்லை. தொட்டியிலிருந்து எடுத்து நிலத்தில் நட்டால் அது மீண்டும் பெருமரமாக வளரத் தொடங்கும். நன்கு பேணப்பட்ட போன்சாய் நூற்றாண்டுகள் வாழ்கிறது. ஆகவே அளவில் சிறியது என்ற ஒரே காரணத்தால் அதைக் கொடுமை என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் இதைத் தவம் என்று புகழ்வதும் பொருந்தாது. தவம் என்பது ஒருவன் தானே விரும்பி, உயர்ந்த நோக்கத்தை முன்னிட்டு ஏற்கும் கட்டுப்பாடு. உணவு இருந்தும் உண்ணாதிருப்பவன் உபவாசி. உணவு கிடைக்காதவன் பசித்தவன். இருவரின் வயிறும் ஒன்றுபோலக் காலியாக இருக்கலாம். இருவரின் நிலையும் ஒன்றல்ல. மரம் தன் கிளையைத் தானே துறக்கவில்லை. அதைத் தவசி என்று அழைப்பது, பிறர்மீது சுமத்திய கட்டுப்பாட்டுக்கு அழகிய பெயர் சூட்டி மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்ளும் செயலாகிவிடும். மனிதர்களிடையேயும் இது நிகழ்கிறது. மருமகளின் மௌனத்தைப் பொறுமை என்றும், ஏழைத் தொழிலாளியின் இல்லாமையை எளிமை என்றும் புகழ்பவர்கள் உண்டு. அவர்களிடம் யாரும் கேட்டதில்லை, அவர்களும் தேர்ந்தெடுத்ததில்லை.

கைதியும் அல்ல, தவசியும் அல்ல என்றால் அந்த மரம் யார்? அது ஓர் அடைக்கலப் பொருள். அடைக்கலமாக இருக்கும் உயிரைப் பற்றிப் பேசும்போது, அதன் நிலையைவிட அதை வைத்திருப்பவனின் நடத்தையையே முதலில் பார்க்க வேண்டும்.

எங்கிருந்து எடுப்பது?

திருவனந்தபுரத்திலிருந்து பாலோடு வழியாகத் தென்மலை செல்லும் சாலையில், கொல்லம் மாவட்டத்தின் குளத்துப்புழையை அடுத்த காடுகளில், மொட்டைச் சைப்ரஸை நினைவூட்டும் மரங்கள் நிற்கின்றன. காட்டு ஜாதிக்காய் இனத்தைச் சேர்ந்த அவற்றுக்கும் சதுப்பே தாய்மடி. அவற்றில் சிலவற்றின் வேர்களும் மடக்கிய முழங்கால்களைப் போலச் சேற்றிலிருந்து எழுந்து நிற்கும். உறவே இல்லாத இரு மர இனங்கள், நீர் தேங்கிய மண்ணில் வாழும் சிக்கலுக்கு ஒரே வகை விடையைக் கண்டிருக்கின்றன. இந்தச் சதுப்புக் காடுகள் பலவும் முன்னாளில் வயல்களாக மாற்றப்பட்டுவிட்டன. கேரளத்தில் இன்று எஞ்சியிருப்பவை அனைத்தையும் சேர்த்தாலும் 200 ஹெக்டேருக்கு உட்பட்டவையே. இவற்றிலிருந்து ஒரு மரத்தைப் பெயர்த்து வருவது, எத்தனை திறமையான கரங்கள் செய்தாலும், எத்தனை அழகிய தட்டில் வைத்தாலும், பிழையே ஆகும். எடுத்த பின் ஈடு செய்ய முடியாத இடத்திலிருந்து எடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பறவைகள் உண்டு எச்சமிட்ட ஆல், அரசு விதைகள் பழைய மதில்களின் பிளவிலும், கிணற்றுச் சுவரிலும், கோயில் விமானத்தின் கல்லிடுக்கிலும் முளைக்கின்றன. விட்டுவிட்டால் வேர் பருத்துக் கட்டடம் பிளக்கும். ஆகவே திருப்பணிக்கு வருபவர்கள் அவற்றை வெட்டி எறிகிறார்கள். வெட்டப்பட இருக்கும் அத்தகைய கன்றை, உரியவர்களின் அனுமதி பெற்று, வேர் சிதையாமல் எடுத்துத் தொட்டியில் வைப்பவர் ஓர் உயிரைக் காப்பாற்றியவராகிறார். திருவனந்தபுரத்தின் வெப்பத்துக்கும் இரு பருவமழைகளுக்கும் அந்த மரம் பழகியது. குளிர்கால உறக்கத்துக்குப் பழகிய அமெரிக்கச் சைப்ரஸைக் குளிர்காலமே இல்லாத இந்நகரத்துக்குக் கொண்டுவந்து பெருமை கொள்வதைவிட, மதிலில் முளைத்த அரசங்கன்றைப் பேணுவதில் விவேகம் இருக்கிறது.

காட்டிலிருந்து எடுப்பவனுக்குக் கடன் உண்டு என்பதை இம்மாவட்டமே ஒருமுறை உலகுக்கு உணர்த்தியது. 1987-இல், பாலோட்டில் அமைந்துள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள் அகத்தியமலைக் காட்டில் சென்றபோது, வழிகாட்டிய காணி இனத்தவர் ஒரு சிறு காட்டுச் செடியின் காய்களை மென்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. அச்செடியிலிருந்து உருவாக்கப்பட்ட மருந்தைத் தயாரிக்கும் உரிமை 1995-இல் ஒரு மருந்து நிறுவனத்துக்கு வழங்கப்பட்டபோது, அதனால் வந்த தொகையில் சரிபாதியைக் காணி மக்களுக்கே அளிப்பதென்று ஆராய்ச்சி நிறுவனம் முடிவு செய்தது. அதைப் பெறுவதற்காக அம்மக்களின் அறக்கட்டளை 1997-இல் பதிவாயிற்று. அந்த ஏற்பாட்டில் குறைகள் பின்னர் பேசப்பட்டதுண்டு. எனினும், எடுத்தவன் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்ற கொள்கை அங்கே ஏற்கப்பட்டது.

கம்பியும் காலமும்

எடுப்பது ஒரு நாள் வேலை. பழக்குவதோ பல்லாண்டுப் பணி. சைப்ரஸின் இளங்கிளைகளில் உலோகக் கம்பியைச் சுற்றி, மெல்ல வளைத்து விடுகிறார்கள். வளரும் பருவத்தில் அம்மரம் வெகு விரைவாகப் பருக்கும். சில வாரங்கள் கவனிக்காமல் விட்டால் கம்பி பட்டைக்குள் புதைந்து, நீண்ட காலம் ஆறாத வடுவாகிவிடும். வளைக்கும் திறமையைவிட, எப்போது கம்பியை அவிழ்க்க வேண்டும் என்று அறிந்திருப்பதே இங்கு பெரிய திறமை.

மற்றொரு நுட்பமும் உண்டு. இம்மரத்தின் உயிராற்றல் உச்சியை நோக்கியே ஓடும். உச்சிக் கொழுந்தை அடக்காவிட்டால் கீழ்க்கிளைகள் மெலிந்து பட்டுப்போகும். வளர்ப்பவர் மேலே கத்தரிப்பது கீழே இருப்பவை வாழ்வதற்காக. இதை அறியாமல் பார்ப்பவருக்கு அது வெறும் வெட்டாகவே தெரியும்.

பல காலம் பிற நாட்டு மரங்களைப் போலவே இம்மரத்தையும் கூம்பு வடிவில் பழக்கி வந்தனர். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைச் சேர்ந்த வான் பேன்டிங் என்ற கலைஞர் சதுப்பில் நிற்கும் முதுமரங்களை உற்று நோக்கினார். புயலும் மின்னலும் உச்சியைச் சிதைத்ததால், அவை தலை தட்டையாக, குடை விரித்ததுபோல நின்றன. அந்தத் தட்டைத்தலை வடிவத்தையே அவர் தட்டில் கொண்டுவந்தார். இன்று இம்மரத்துக்குரிய இயல்பான வடிவமாக அதுவே மதிக்கப்படுகிறது. தான் விரும்பிய வடிவை மரத்தின்மேல் திணிக்காமல், மரம் தன் முதுமையில் என்னவாக ஆகுமோ அதைத் தேடிச் சென்றதே அவர் கண்ட வழியின் சிறப்பு. கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேரை ஈந்த பாரியும் இதையே செய்தான். படர்வது முல்லையின் இயல்பு. அந்த இயல்புக்குத் துணையாக ஒன்றை நிறுத்தியதே அவன் கொடை.

வாயிற்காவலன்

எடுத்ததும் பழக்கியதும் எவ்வாறாயினும், இறுதியில் எஞ்சுவது காப்பது. நிலத்து மரம் தன் நீரைத் தானே தேடிக்கொள்ளும். தொட்டி மரத்தால் அது இயலாது. பங்குனி, சித்திரை வெயிலில் ஆழமற்ற தட்டு ஒரே நாளில் வறண்டுவிடும். சதுப்புச் சைப்ரஸையோ கோடையில் தண்ணீர் நிறைந்த பாத்திரத்திலேயே நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். ஊருக்குப் போகிறோம், உடல் நலமில்லை, வேலை மிகுதி என்ற காரணங்கள் எவையும் மரத்துக்குப் புரியா. அதன் வேரை அறுத்த நாளிலேயே, அந்த வேர் செய்துவந்த வேலையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டவன் மனிதன்.

ஜப்பானின் ஹிரோஷிமா நகரில் யமாக்கி என்ற குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பேணிய ஒரு வெள்ளைப் பைன் மரம் இருந்தது. 1625 முதல் தட்டில் பழக்கப்பட்டு வருவதாக அறியப்படும் அம்மரம், 1945 ஆகஸ்ட் 6-இல் அணுகுண்டு வீசப்பட்டபோது, வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில், தோட்டத்து மதிலின் மறைவில் நின்று தப்பியது. 1976-இல் அக்குடும்பத்தார் அதையே அமெரிக்காவுக்கு நட்புப் பரிசாக அளித்தனர். அது எங்கிருந்து வந்தது, எதைக் கண்டது என்பதை அவர்கள் பறைசாற்றவில்லை. 2001-இல் அக்குடும்பத்தின் பேரர்கள் வாஷிங்டனுக்கு வந்து மரத்தைப் பார்த்தபோதுதான் அந்த வரலாறு அங்குள்ளவர்களுக்குத் தெரிந்தது. தண்ணீர் ஊற்றும் கைகள் மாறிக்கொண்டே இருந்தன, கடமை மாறவில்லை. ஒரு நாள் ஒருவர் மறந்திருந்தாலும் அந்த வரலாறு முடிந்திருக்கும்.

இந்தியாவில் போன்சாயை 'வாமன விருட்சம்' என்று அழைப்பதுண்டு. குறுகிய உருவம் என்ற ஒரே ஒற்றுமையால் அமைந்த பெயராகத் தோன்றும். ஓணத் திருநாளைக் கொண்டாடும் கேரள மண்ணில் நின்று எண்ணினால், அப்பெயர் இன்னும் ஆழமான ஒன்றை உணர்த்தும். மூவுலகையும் அளக்க வல்லவர் வாமனர். கேளாமலே எடுத்துக்கொள்ளும் ஆற்றல் அவருக்கு இருந்தது. எனினும் மகாபலியின் வேள்விச்சாலைக்கு யாசகராக வந்து, மூன்றடி மண்ணைக் கேட்டே பெற்றார். குரு சுக்கிராசாரியார் தடுத்தும், மகாபலி மனமுவந்து கொடுத்தான். அனைத்தையும் பெற்றுக்கொண்ட பின் பகவான் அவனை மறந்துவிடவில்லை. சுதல லோகத்தில் பலியின் வாயிலில் தானே காவலனாக நிற்பதாக வாக்களித்தார் என்கிறது பாகவதம். யாரிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்தாரோ, அவருடைய வாசலிலேயே காவல் நிற்கிறார்! எடுப்பவனுக்குரிய தர்மம் இதைவிடத் தெளிவாக எங்கும் கூறப்படவில்லை. கேட்டு எடுக்க வேண்டும். எடுத்தபின் காவலிருக்க வேண்டும்.

வீட்டுக்குள் ஒரு மரம்

இந்தத் தர்மத்துக்கான சோதனை பெரும்பாலும் தொட்டிகளுக்கு அருகில் வருவதில்லை. வீட்டுக் கூடத்தில் வருகிறது. கிராமத்தில் தனித்திருக்கும் வயதான தாயை நகரத்துக்கு அழைத்து வருகிறார்கள் பிள்ளைகள். அவர்கள் நோக்கம் நல்லது. பல சமயங்களில் வேறு வழியும் இருப்பதில்லை. ஆனால் அறுபது ஆண்டுகள் ஒரே கிணற்றடியில், ஒரே கோயில் மணியோசையில், பெயர் சொல்லி அழைக்கும் அண்டை வீட்டாரிடையே ஊன்றிய வேர்களை ஒரே நாளில் அறுத்து, ஏழாவது மாடியில் வைத்துவிட்டு, "இங்கே அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை" என்கிறார்கள். தாய் ஒன்றும் சொல்வதில்லை. அந்த மௌனத்தை மனநிறைவு என்று எண்ணிக்கொள்வது, கட்டையில் வெடித்த மொட்டுகளைச் சம்மதம் என்று எண்ணுவதைப் போன்றதே.

மரத்திடம் கேட்க முடியாது, தாயிடம் கேட்கலாம். வாமனரே கேட்டார் என்னும்போது, பிள்ளைகள் கேட்பதில் இழிவில்லை. அழைத்து வந்தே தீர வேண்டும் என்றால், வேரோடு சிறிது தாய்மண்ணும் வர வேண்டும். அவருடைய பழைய விளக்கு, அவர் பழகிய விடியற்கால வழிபாடு, வாரம் ஒருமுறை ஊர்க்காரர் ஒருவருடன் தொலைபேசியில் பேச்சு ஆகியவை சிறியவை போலத் தோன்றும். வறண்ட தட்டுக்கு ஒரு குவளை நீரும் சிறியதுதான். அழைத்து வந்த நாளின் அன்பு போதாது. அதன்பின் வரும் ஒவ்வொரு நாளும் அருகில் அமரும் அரைமணி நேரமே அந்தக் கடனின் தவணை.

குழந்தையின் நிலை வேறு. தொட்டி மரம் என்றும் மனிதனை நம்பியே வாழும். குழந்தையோ ஒருநாள் தன்னைத் தானே ஆள வேண்டியவன். அதிகாலையில் எழுதல், உண்மை பேசுதல், பிறர் பொருளை விரும்பாமை என்ற கம்பிகள் இளமையில் அவனுக்குத் தேவை. ஆனால் அவை ஒருநாள் அவிழ்ப்பதற்காகவே சுற்றப்பட்டவை. இருபது வயதிலும் அவன் எதைப் படிப்பது, யாருடன் பேசுவது என்று பெற்றோரே தீர்மானித்துக்கொண்டிருந்தால் கம்பி பட்டைக்குள் புதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். "குழந்தையைப் போன்சாய் ஆக்காதீர்கள்" என்ற அறிவுரையின் உண்மை இங்கே இருக்கிறது. கட்டுப்பாட்டில் பிழையில்லை, அவிழ்க்க மறுப்பதில்தான் பிழை.

எந்தத் தயக்கமும் இன்றி வெட்டவும் வளைக்கவும் மனிதனுக்கு முழு உரிமையுள்ள மரம் ஒன்றே ஒன்று உண்டு. அது அவனுடைய மனம். அங்கே வெட்டுபவனும் வெட்டப்படுபவனும் ஒருவனே, சம்மதம் அவனுடையதே. உச்சியை நோக்கி ஓடும் அகந்தையைக் கிள்ளினால், கீழே மெலிந்து கிடக்கும் பொறுமையும் இரக்கமும் துளிர்க்கும். தவம் என்ற சொல் உரிய இடத்தில் பொருந்துவது அங்கேதான். தன்னிடம் இந்தப் பணியைத் தொடங்காதவன் பிற உயிர்களை வளைக்கப் புறப்படும்போதுதான் கலை கொடுமையாகிறது.

ஆகவே, கண்காட்சி மேசையின் முன்னே நின்று அந்தச் சிறு ஆலமரத்தைப் பார்ப்பவர், "அழகா? பாவமா?" என்று மரத்திடம் விடை தேட வேண்டியதில்லை. அதன் அடிமண்ணை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தால் போதும். அது ஈரமாக இருந்தால், இன்று காலையிலும் யாரோ ஒருவர் தம் கடனைச் செலுத்தியிருக்கிறார். அவர் நாளையும் அதற்கு நீர் ஊற்ற வேண்டும். நம் பொறுப்பில் வந்துசேர்ந்த ஒவ்வோர் உயிரின் விஷயத்திலும் நமக்கு விதிக்கப்பட்டிருப்பது இதுவே.